கொடுக்கிற தாய்க்கு என்ன தெரியும்?

பத்தாங் பெர்ஜுந்தாய், ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு 'எடுத்து வளர்த்த பிள்ளை' புதிய சங்கதி அல்ல. அக்காளுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகியும் வயிறு திறக்கவில்லை. தங்கைக்கு நாலாவது உண்டாகியிருக்கிறது. ஏழாம் மாதமோ எட்டாம் மாதமோ மாமியாரோ பெரியம்மாவோ பேச்சை எடுப்பார்கள். "வேத்தாள் கையிலயா குடுக்கிறோம்? நம்ம அக்கா கையிலதானே" என்ற அளவில் காரியம் முடிந்துவிடும். பால்குடி மறக்கும் முன்பே பிள்ளை பக்கத்து லயத்துக்குப் போய்ச் சேரும். காகிதமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. பெற்றவளின் சம்மதத்தைக் கேட்டார்களா என்றால், கேட்டோம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவள் மாட்டேன் என்று சொல்ல இடம் இருந்ததா என்ற கேள்வி அந்த வீட்டில் எழுந்திருக்காது.

தத்தெடுப்பு பற்றி நம்மிடையே நடக்கும் பேச்செல்லாம் எடுப்பவர் பக்கமே சாய்ந்திருக்கிறது. யார் மனு போடலாம், எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும், எந்த இலாகாவுக்குப் போக வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இருக்கிறது. வயிற்றில் பிள்ளையோடு நிற்பவளுக்கு, கொடுப்பது என்றால் என்ன, எத்தனை விதமாகக் கொடுக்கலாம், ஒவ்வொன்றிலும் தனக்கும் பிள்ளைக்கும் என்ன மிஞ்சும் என்று பிரசவத்துக்கு முன்பே சொல்பவர்கள் மிகக் குறைவு. சொல்கிற ஒன்றிரண்டு பேரும் பெரும்பாலும் பிள்ளை வேண்டும் என்று காத்திருப்பவர்களாகவோ அவர்களுடைய சொந்தக்காரர்களாகவோ இருப்பார்கள்.

பழைய வழக்கத்தை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. வட சிலாங்கூரில் தோட்ட வாழ்க்கை வேர்விட்டது ரப்பரோடு. செம்பனையும் இங்கேதான் தொடங்கியது. ஆன்றி போக்கோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் நட்டதைத்தான் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் என்கிறார்கள். அந்த உலகத்தில் பிள்ளை ஒரு வீட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. விடியற்காலை பெரட்டுக்குப் போகும் தாய் ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுப் போவாள். லயத்துப் பெண்கள் யாரும் அதற்குச் சோறு ஊட்டுவார்கள். ஜப்பான்காரன் காலத்தில் சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் வேலைக்கு ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனபோது, தகப்பன் திரும்பாத பிள்ளைகளை இந்த ஏற்பாடுதான் தாங்கியது. கொடுத்த தாய் கொடுத்த பிள்ளையைத் தினம் பார்த்தாள். பிள்ளை அவளைச் 'சின்னம்மா' என்று கூப்பிட்டது; ஒரு வயசில் உண்மையும் தெரிந்தது. இன்று மேலை நாடுகளில் நிபுணர்கள் பரிந்துரைக்கும் 'திறந்த தத்து' லயத்தில் பெயரில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

சீனப் பிள்ளைகளின் கதை வேறு. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சீனக் குடும்பங்கள், குறிப்பாகப் பஞ்ச காலத்திலும் போர்க்காலத்திலும், பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்களிடம் கொடுத்தன. வறுமை ஒரு காரணம், பெண் பிள்ளைக்கு மதிப்பில்லாதது இன்னொன்று. புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. 1938-உம் 1950-உம் புலி ஆண்டுகள். தாலி கட்டி, சேலை உடுத்தி, கோயிலில் தீமிதிக்கும் சீன முகத்துப் பாட்டிகள் நம் எல்லோருக்கும் பழக்கமானவர்கள். தெரேசா தேவசகாயம் சிங்கப்பூரில் இப்படி வளர்ந்தவர்களைத் தேடிப் பேசி ஒரு நூலே எழுதியிருக்கிறார். வளர்த்த தமிழ்த் தாய்மாரின் பாசத்தைப் பற்றி இந்தப் பெண்கள் நிறையச் சொல்கிறார்கள். பெற்ற சீனத் தாயின் முகமோ பெயரோ பலருக்குத் தெரியாது. மருத்துவச்சியோ அண்டைவீட்டுக்காரரோ நடுவில் நின்று கைமாற்றிவிட்ட பிள்ளைகள் அவர்கள். சிவப்பு உறையில் கொஞ்சம் பணமும் போயிருக்கும். அந்தத் தாய் என்ன நினைத்துக் கொடுத்தாள் என்று கேட்க இப்போது யாரும் இல்லை.

வாய்ச்சொல்லாகக் கொடுத்த பிள்ளைக்கு நாளைக்கு இரண்டு கதை இருக்கும் என்பதற்கு இந்த வட்டாரமே கண்ட பெரிய சாட்சி நத்ரா. 1937-இல் ஜாவாவில் மரியா ஹெர்தோக் என்ற பெயரில் பிறந்த டச்சுக் குழந்தை அவள். தகப்பன் ஜப்பானியரிடம் போர்க்கைதி. 1942 கடைசியில் தாய் அடலின் இன்னொரு பிள்ளையைப் பெற்ற சமயத்தில் மரியா அமினா என்ற மலாய்ப் பெண்ணிடம் போனாள். சில நாள் வைத்திருக்கத்தான் அனுப்பினேன் என்றாள் பெற்றவள். எனக்கே கொடுத்துவிட்டாள் என்றாள் வளர்த்தவள். அமினா திரெங்கானுவின் கெமாமானில் வளர்த்த நத்ராவை, 1950-இல் சிங்கப்பூர் நீதிமன்றம் பெற்றோரிடமே திருப்பிக் கொடுத்தது. டிசம்பர் 11-இல் வெடித்த கலவரத்தில் 18 பேர் செத்தார்கள். மதம், காலனி ஆட்சி, பத்திரிகைகள் மூட்டிய தீ என்று இதை அலசாதவர் இல்லை. அடியில் கிடப்பதோ சின்ன விஷயம்: பிரசவ நேரத்தில், போரின் நடுவில், ஒரு தாய் எதற்குச் சம்மதித்தாள் என்று எழுதிவைக்க யாரும் இல்லை.

அடுத்து இரண்டே ஆண்டில், 1952-இல், மலாயாவில் இரண்டு சட்டங்கள் வந்தன. இன்றும் தீபகற்பத்தில் இவைதான் நடைமுறை. பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் படித்தவர்களே குழம்புகிறார்கள்; கர்ப்பிணிக்கு விளங்க வைக்க வேண்டிய முதல் காரியம் இவற்றின் வித்தியாசம்.

முதலாவது தத்தெடுப்புப் பதிவுச் சட்டம், எண் 253. ஒருவர் 18 வயதுக்குட்பட்ட, கல்யாணமாகாத பிள்ளையைக் குறைந்தது இரண்டு ஆண்டு தன் பொறுப்பில் வளர்த்துப் படிக்க வைத்திருந்தால் தேசியப் பதிவிலாகாவில் அதைப் பதிவுசெய்துகொள்ளலாம். நீதிமன்றம் தேவையில்லை. தோட்டத்து வழக்கத்துக்குப் பக்கத்தில் வரும் சட்டம் இதுதான். ஆனால் இதனால் பிள்ளைக்குச் சொத்துரிமை வராது. இரண்டாவது தத்தெடுப்புச் சட்டம், எண் 257. முஸ்லிம்களுக்கு இது பொருந்தாது. செஷன்ஸ் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ மனு போட வேண்டும். எடுப்பவர் சாதாரணமாக 25 வயதைத் தாண்டியவராகவும் பிள்ளையைவிட 21 வயது மூத்தவராகவும் இருக்க வேண்டும். உறவினருக்கு இதில் சலுகை உண்டு. உத்தரவுக்கு முன் தொடர்ந்து மூன்று மாதம் பிள்ளை அவர்களிடம் இருந்திருக்க வேண்டும். உத்தரவு விழுந்ததும் பெற்றவளின் உரிமையும் கடமையும் அற்றுப்போகும். எடுத்தவர்களுக்கு முறைப்படி பிறந்த பிள்ளையாகவே சட்டம் அதை வைக்கும், வாரிசுரிமை உட்பட. பழைய பதிவையும் புதிய பதிவையும் இணைக்கும் ஏடு நீதிமன்ற உத்தரவு இல்லாமல் திறக்காது. லயத்தில் 'சின்னம்மா'வாக இருந்தவள் இந்தச் சட்டத்தில் யாரும் இல்லாதவள் ஆகிவிடுகிறாள். பார்க்க வருவேன், போட்டோ அனுப்புங்கள் என்று பேசிவைத்துக்கொள்ளலாம். அது எடுத்தவர்களின் நல்ல மனசைப் பொறுத்தது.

257-இன் கீழ் நடக்கும் வழக்கில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. எடுப்பவர்களுக்கு வக்கீல் இருக்கிறார். பிள்ளையின் நலனைப் பார்க்க நீதிமன்றமே ஒரு காப்பாளரை, வழக்கமாகச் சமூகநல அதிகாரியை, நியமிக்கிறது. பெற்றவளுக்கென்று ஒருவரை நியமிக்க ஏற்பாடு இல்லை. அவள் பங்கு சம்மதப் பத்திரம் ஒன்றில் கையெழுத்து. கல்யாணமாகாதவள் என்றால் தகப்பனின் சம்மதமும் சட்டப்படி தேவையில்லை, மொத்தச் சுமையும் அவள் கையெழுத்தின் மேல்தான். மலாய் மொழியில் இருக்கும் அந்தப் பத்திரத்தை அவளுக்குத் தமிழில் படித்துச் சொன்னவர் யார் என்று எங்கும் பதிவாவதில்லை.

இதற்கிடையே தோட்டமே கலைந்துவிட்டது. பத்தாங் பெர்ஜுந்தாய் இப்போது பெஸ்தாரி ஜெயா. மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் தொழிலாளர்கள் நிலம் கைமாறிய பிறகு வீட்டுக்காகப் பல்லாண்டு போராடிய கதை பத்திரிகை வாசகர்களுக்குத் தெரியும். அக்காள் ரவாங்கில், பெரியம்மா கிள்ளானில், தங்கை ஒரு தாமான் வாடகை வீட்டில். கொடுக்கிற வழக்கம் மட்டும் மிஞ்சி, அதைத் தாங்கிய சொந்தபந்தம் போய்விட்டது. அந்த இடத்தில் தரகர் நுழைகிறார். கைபேசியில் ஒரு செய்தி, 'பிரசவச் செலவு' என்ற பேரில் ஒரு தொகை. 2016-இல் அல் ஜசீரா தொலைக்காட்சி மலேசியாவில் குழந்தைகள் விலைபோவதை மறைகேமராவில் பிடித்துக் காட்டியது. பொய்ப் பிறப்புப் பத்திரம் வரை ஏற்பாடாகியிருந்தது. பணத்துக்காகப் பிள்ளையைக் கைமாற்றுவது 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி குற்றம், கொடுப்பவர் வாங்குபவர் தரகர் எல்லோருக்கும். ஆஸ்பத்திரிச் செலவுதானே என்று வாங்கிய தாய்க்கு அது விலையாகக் கணக்கிடப்படும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

காகிதத்தை அருகில் வைத்துப் பார்த்தால்தான் இதன் கனம் புரியும். அரசாங்கக் கிளினிக்கில் பதிந்ததும் கர்ப்பிணிக்கு இளஞ்சிவப்பு அட்டை போட்ட புத்தகம் கிடைக்கும். 'புக்கு பிங்க்' என்றால் எல்லோருக்கும் தெரியும். ரத்தம், எடை, பிள்ளையின் துடிப்பு எல்லாம் அதில் ஏறும். ஆபத்தின் அளவுக்கேற்ப வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிற அடையாளம் ஒட்டுவார்கள். பிரசவமானதும் ஆஸ்பத்திரி உறுதிசெய்ய, ஜேபிஎன்.எல்எம்01 பாரத்தைப் பூர்த்திசெய்து 60 நாளுக்குள் பதிவிலாகாவில் கொடுக்க வேண்டும். தகப்பன் பெயர் தரப்படாவிட்டால் அந்தக் கட்டத்தில் 'மக்லுமாட் தீடாக் டிப்பெரோலேஹி', அதாவது தகவல் கிடைக்கவில்லை, என்று அச்சாகும். இந்த ஒரு வரிக்குப் பயந்துதான் பலர் குறுக்கு வழிக்குப் போகிறார்கள்: எடுக்கப் போகிறவளின் அடையாள அட்டையைக் காட்டி, அவள் பெயரிலேயே பிரசவம் பார்த்து, பிள்ளையை அவள் பெற்றதாகவே பதிந்துவிடுவது. எல்லாருக்கும் சௌகரியம் போலத் தெரியும். மரபணுச் சோதனை என்று ஒன்று வந்தால் பத்திரம் ரத்தாகும், பிள்ளை அந்தரத்தில் நிற்கும், பொய்த் தகவல் கொடுத்த இரண்டு பெண்களும் குற்றவாளிகள். நேர்வழியில் 257-இன் கீழ் உத்தரவு வாங்கினால், எடுத்தவர்களையே தாய் தகப்பனாகக் காட்டும் புதுப் பத்திரம் கிடைக்கிறது. அந்த வரி பிள்ளையோடு கூடவே வராது. இந்த ஒரு தகவல் ஏழாம் மாதத்தில் போய்ச் சேர்ந்தாலே பாதிப் பொய்ப் பதிவுகள் நின்றுவிடும் என்பது என் கணிப்பு.

குடியுரிமைக்கு வருவோம், இங்கேதான் சட்டம் விநோதமாக நடந்துகொள்கிறது. முறைப்படி பதிவான கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை தாயின் நிலையையே பெறும். கோயிலில் தாலி கட்டி, பதிவிலாகாவுக்குப் போகாத ஜோடிகள் தோட்டப் பகுதிகளில் இன்னும் இருக்கிறார்கள். கல்யாணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 1982 மார்ச்சிலேயே அமலுக்கு வந்தும் இந்த நிலை. தகப்பன் குடிமகனாக இருந்தாலும் அப்போது பிள்ளைக்கு அது உதவாது. தாயிடம் மைகாட் இருந்தால் பிரச்சினை இல்லை. சிவப்பு அட்டை, அதாவது நிரந்தரவாசி தகுதி, இருந்தாலும் இங்கே பிறந்த பிள்ளை குடிமகனாகவே இருந்து வந்தது; 2024-இல் நாடாளுமன்றம் ஏற்ற திருத்தம் அந்த வழியை நீக்குகிறது. இது பலருக்குத் தெரியாது. தாயிடம் ஒன்றுமே இல்லையென்றால் பிள்ளையின் பத்திரத்திலும் 'குடிமகனல்லாதவர்' என்று அச்சாகும். தத்தெடுத்தவர்கள் குடிமக்களாக இருந்தாலும் அந்த வரி தானாக மாறாது. அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் மனு போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இதையே மறுபக்கமாகப் பாருங்கள். யாரென்று தெரியாத தாய் விட்டுப்போன பச்சைக் குழந்தைக்கு, அது கிடைத்த இடத்திலேயே நிரந்தரவாசியான தாய்க்குப் பிறந்ததாக அரசியலமைப்பு ஊகித்துக்கொள்கிறது. 2021-இல் கூட்டரசு நீதிமன்றம் அப்படிப்பட்ட ஒரு வளர்ப்புப் பிள்ளையைக் குடிமகன் என்றே தீர்ப்பளித்தது. அந்தப் பாதுகாப்பைக் குறைக்க அரசாங்கம் கொண்டுவந்த யோசனை, எதிர்ப்புக்குப் பிறகு 2024 மார்ச்சில் கைவிடப்பட்டது. ஆக, பத்திரமில்லாத தாய் நேர்மையாகப் பெயர் கொடுத்து ஒப்படைத்தால் பிள்ளைக்கு நாடில்லை. யாருக்கும் தெரியாமல் விட்டுப்போனால் நாடு உண்டு. விட்டுப்போகிற தாய்க்கோ தண்டனைச் சட்டத்தின் 317-ஆம் பிரிவு காத்திருக்கிறது. ஒரு கர்ப்பிணிக்கு இதைவிடக் கோணலான பாடத்தை எந்தச் சட்டமும் சொல்லிக்கொடுக்க முடியாது.

போலீஸ் பதிவில் ஆண்டுக்கு நூறையொட்டி வரும் வீசப்பட்ட குழந்தைகளின் கணக்குக்கு அரசும் தொண்டு நிறுவனங்களும் சொன்ன பதில் தொட்டில். தமிழ்நாட்டில் 1992-இல் சேலத்தில் ஜெயலலிதா அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. இங்கே ஆர்பன்கேர் அறவாரியம் 2010 மே மாதம் பெட்டாலிங் ஜெயாவில் முதல் குழந்தைப் பெட்டியைத் திறந்தது. உயிரைக் காப்பாற்றும் ஏற்பாட்டைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பெட்டிக்கு வாய் கிடையாது. அதே அறவாரியத்தின் அனுபவத்தில், பெட்டியில் வைத்துவிட்டுப் போனவர்களைவிட நேரில் வந்து உட்கார்ந்து பேசியவர்களே அதிகம். பேச ஆள் இருந்தால் பெண்கள் வருகிறார்கள். பெஸ்தாரி ஜெயாவிலிருந்து பெட்டாலிங் ஜெயா, கார் இருந்தால், ஒரு மணி நேரம். கார் இல்லாத பதினேழு வயதுப் பெண்ணுக்கு அது வேறு நாடு. 16 வயதுக்குட்பட்டவள் என்றால் சட்டப்படி அது பாலியல் வன்முறை, கிளினிக்குக்குப் போனால் போலீஸ் வரும் என்ற பயம் வேறு. அந்த வழக்கு அவள் மேல் அல்ல, ஆணின் மேல் என்று வீட்டில் சொல்வார் இல்லை. 15999 என்ற தாலியான் காசிஹ் எண்ணில் சமூகநல இலாகாவைக் கூப்பிடலாம் என்பதையாவது தமிழ்ப் பள்ளியை விட்டு வெளியேறுகிற ஒவ்வொரு பெண்ணும் தெரிந்துவைத்திருக்கலாம்.

எதை எப்போது சொல்வது என்பதில் உலகம் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டது. ஆஸ்திரேலியாவில் பல பத்தாண்டுகள் கல்யாணமாகாத இளம் தாய்மாரிடம் 'பிள்ளைக்கு நல்லது' என்று சொல்லிச் சொல்லியே பிரசவ வார்டில் கையெழுத்து வாங்கினார்கள். 2013 மார்ச் 21-இல் பிரதமர் ஜூலியா கில்லார்ட் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். இலங்கையில் 1980-களில் ஐரோப்பாவுக்குப் போன ஆயிரக்கணக்கான குழந்தைகளில் பலருக்கு, பெற்றவள் போல நடிக்கக் கூலிக்கு அமர்த்தப்பட்ட பெண்தான் நீதிமன்றத்தில் சம்மதம் சொன்னாள் என்பது பின்னால் தெரியவந்தது. 1993-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை, தாயின் சம்மதம் பிரசவத்துக்குப் பிறகு மட்டுமே பெறப்பட வேண்டும் என்கிறது. மலேசியா அதில் சேரவில்லை. இந்தியச் சட்டம் ஒப்படைத்த பெற்றோருக்கு மனம் மாற 60 நாள் தருகிறது. இரண்டும் சேர்ந்து சொல்வது தெளிவு: தகவல் பிரசவத்துக்கு முன்னால், முடிவு பின்னால். நம் குடும்பங்களில் நடப்பது நேர் தலைகீழ். முடிவு எட்டாம் மாதமே ஆகிவிடுகிறது. அதன் அர்த்தம் என்னவென்று பிறகு தெரிகிறது, தெரியாமலும் போகிறது.

தத்தைப் பற்றிச் சொல்பவர்கள் கொடுக்காமல் இருப்பதைப் பற்றியும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அதற்குப் பெயர் ஆலோசனை அல்ல, தரகு. சமூகநல இலாகாவின் சிறார் உதவித்தொகை இருக்கிறது, பிள்ளையைக் கொஞ்ச காலம் வளர்ப்புக் குடும்பத்தில் விட்டுவைக்கும் திட்டம் இருக்கிறது, பாட்டி வளர்த்துக்கொள்ளும் வழியும் இருக்கிறது. இவையெல்லாம் காதில் விழுந்த பிறகும் கொடுக்கிறேன் என்று சொல்லும் பெண்ணின் முடிவை மதிக்க வேண்டும். அவளைக் கல்நெஞ்சுக்காரி என்பவர்கள் அவளுக்கு ஒரு டின் பால் மாவும் வாங்கிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

நடைமுறையில் மிக அவசரமானது தாயின் சொந்தப் பத்திரம். அது இல்லாவிட்டால் பிள்ளைக்கு 15ஏ மனுதான் வழி. 2024 அக்டோபரில் நாடாளுமன்றம் ஏற்ற திருத்தம் 15ஏ பிரிவில் மனு போடும் வயது வரம்பை 21-இலிருந்து 18-ஆகக் குறைக்கிறது, பிள்ளைக்கான அவகாசத்தில் மூன்று ஆண்டு போகிறது. கர்ப்பிணி இந்த நாட்டில் பிறந்து பதியப்படாமல் போனவள் என்றால், பிள்ளை பிறப்பதற்குள் அவளுடைய தாமதப் பிறப்புப் பதிவைத் தொடங்கிவிடுவது எந்தத் தத்துப் பேச்சுக்கும் முந்திய வேலை. அதற்கு அவளைப் பெற்றவர்களின் அடையாள அட்டை, பிறந்த இடத்தின் கிளினிக் அட்டை, அவள் படித்த தமிழ்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு என்று கையில் அகப்படும் சான்றெல்லாம் வேண்டும். தோட்டத்து ஆஸ்பத்திரிகள் மூடியாகிவிட்டன, அவற்றின் ஏடுகளைத் தேடிப் பயனில்லை. பள்ளிகள் பல இடம் மாறினாலும் பதிவேடுகளைக் கூடவே கொண்டுபோயிருக்கின்றன. தலைமையாசிரியரைப் போய்ப் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம்.